சின்னதா பொடி, ஊறுகாய் யூனிட் போடுறவங்களுக்கு: எந்த லைசென்ஸ் வேணும், எது வேண்டாம், எந்த வரிசையில வாங்கணும் – முழுமையான வழிகாட்டி

நான் திண்டுக்கல் பக்கத்துல ஒரு சின்ன ஊர்ல இட்லி பொடி, மிளகாய்த்தூள், ஊறுகாய், அப்பளம் பண்ணி விக்கிறேன், என்னையும் வீட்டுக்காரரையும் சேத்து மொத்தம் அஞ்சு பேரு வேல செய்றோம். 2021ல ஆரம்பிச்சப்ப என்னைய ரொம்ப பயமுறுத்துனது மாவு மெஷின் விலையோ மிளகா விலையோ இல்லைங்க, இந்த லைசென்ஸ் விஷயந்தான். ஒருத்தர் ஜிஎஸ்டி இல்லாம ஒரு பாக்கெட் கூட விக்க முடியாதுங்குறாரு, இன்னொருத்தர் பிஎஃப் கட்டலன்னா சீல் வச்சுருவாங்கங்குறாரு, மூணாவது ஆளு எல்லாத்தையும் நானே முடிச்சு தர்றேன் 25 ஆயிரம் குடுங்கன்னு நிக்கிறாரு. அப்புறமா ஒவ்வொண்ணா நானே உக்காந்து படிச்சு, ஆபீஸ் ஆபீஸா போய் கேட்டு பாத்தா, அவங்க சொன்னதுல பாதி சட்டம் என் அளவு தொழிலுக்கு பொருந்தவே பொருந்தாது.

ஃபீஸ் பெரிய சுமை இல்ல, முக்கால்வாசி ஃபீஸ் நூறுலயும் ஐநூறுலயும் முடிஞ்சுரும். சுமை எங்க இருக்குன்னா, அதே ஆதார், அதே வாடகை பத்திரம், அதே ஈபி பில்ல ஆறு ஆபீஸுக்கு ஆறு விதமா குடுக்கணும், ஒவ்வொண்ணுக்கும் ஒரு தேதி, அந்த தேதி தவறுனா அபராதம். நூறு பேரு வேல பாக்குற கம்பெனில இதுக்குன்னு சம்பளத்துக்கு ஒரு ஆளு இருப்பாங்க. நம்ம யூனிட்ல ஊறுகாய் கிளறுறவங்களே தான் ரிட்டர்னும் போடணும். அதனால தான் ஒரே சட்டம் பெரியவங்களுக்கு சின்ன செலவாவும் நமக்கு பெரிய பாரமாவும் இருக்கு. சட்டமே வேண்டாம்னு நான் சொல்லல, மிளகாய்த்தூள்ல சூடான்ங்குற தடை செஞ்ச சிவப்பு சாயத்த கலக்குறவங்க இருக்குற நாட்டுல உணவு பாதுகாப்பு சட்டம் கட்டாயம் வேணும். நம்ம அளவுக்கு எது உண்டோ அத மட்டும் சரியா செஞ்சுட்டா போதும், அதுக்கு தான் இத எழுதுறேன்.

படி 1: எந்த ஆபீஸுக்கும் போறதுக்கு முன்னாடி பேரையும் விலாசத்தையும் ஒண்ணாக்குங்க

இத யாருமே சொல்ல மாட்டாங்க, ஆனா எனக்கு ரெண்டு மாசம் போனது இதுல தான். நமக்கு குடும்பப் பேர் கிடையாது, இனிஷியல் தான். ஆதார்ல இனிஷியல் முன்னாடி இருக்கும், பான் கார்டுல இனிஷியல் வராது, அப்பா பேர முழுசா கடைசில சேத்து போட்டிருப்பாங்க, பேங்க் பாஸ்புக்ல கல்யாணத்துக்கு அப்புறம் மாத்துன வீட்டுக்காரர் இனிஷியல் இருக்கும். நமக்கு மூணும் ஒரே ஆளு, கம்ப்யூட்டருக்கு மூணு ஆளு. அதனால முதல்ல ஆதாரும் பானும் பேங்க் அக்கவுண்ட்டும் ஒரே மாதிரி இருக்கான்னு எழுத்து எழுத்தா பாருங்க, இல்லன்னா திருத்திட்டு அப்புறம் மத்த வேலைய ஆரம்பிங்க.

ஆதார்ல இருக்குற போன் நம்பர் இப்ப உங்க கையில இருக்குற நம்பரான்னும் பாத்துக்கோங்க, ஏன்னா ஆதார வச்சு சரிபாக்குற போர்ட்டல் எல்லாம் ஓடிபி அனுப்புறது அதுக்கு தான். விலாசமும் அப்படித்தான், ஈபி பில்லுல 12/4ன்னும் வீட்டு வரி ரசீதுல 12-4ஏன்னும் வாடகை பத்திரத்துல வெறும் 12ன்னும் இருந்தா கேள்வி வரும். எனக்கு ஜிஎஸ்டி அப்ளிகேஷன் ஒரு தடவ திரும்பி வந்ததே இந்த கதவு நம்பரால தான்.

வாடகை இடம்னா ஒப்பந்தத்துல "உணவுப் பொருள் தயாரிப்புக்கு"ன்னு ஒரு வரி சேத்து எழுத சொல்லுங்க. வீட்டு ஓனர் முதல்ல தயங்குவாரு, பக்கத்துல உக்கார வச்சு பொறுமையா விளக்கணும்.

படி 2: உத்யம்

குறு, சிறு தொழில் பண்றவங்களுக்காக மத்திய அரசு 2020 ஜூலை 1ல இருந்து நடத்துற பதிவு இது. ஆதாரும் பானும் இருந்தா போதும், எந்த பேப்பரும் அப்லோட் பண்ண வேண்டாம், காசும் கிடையாது. ஒரு பைசா கூட கிடையாதுங்க. கூகுள்ல தேடுனா அரசு சைட் மாதிரியே தோற்றத்தோட ஆயிரம், ரெண்டாயிரம் கேக்குற தனியார் சைட் தான் மேல வரும், விலாசத்துல ஜிஓவி டாட் இன்-னு முடியுதான்னு பாத்துட்டு உள்ள போங்க. 2025 ஏப்ரல் 1ல இருந்து மெஷின் முதலீடு 2.5 கோடிக்குள்ளயும் வருஷ வியாபாரம் 10 கோடிக்குள்ளயும் இருந்தா குறுந்தொழில், ஆக நம்ம எல்லாருமே அதுக்குள்ள தான்.

இது வெறும் சர்ட்டிபிகேட்னு நினச்சு விட்டுறாதீங்க. பார்ட்னர்ஷிப், கம்பெனியா இருந்தா டிரேட்மார்க் போடும்போது 9,000க்கு பதிலா 4,500 ரூபா ஃபீஸ்ல முடியும், பேங்க்ல கேப்பாங்க, அதவிட முக்கியமா பணம் தராம இழுத்தடிக்கிற கடைக்காரங்க கிட்ட பேச நமக்கு இருக்குற ஒரே பிடி இது தான். அத பின்னாடி சொல்றேன்.

படி 3: உணவு பாதுகாப்பு பதிவு

சாப்பிடுற பொருள் பண்றவங்க யாரா இருந்தாலும், வீட்டு அடுப்படில பண்ணாலும், வாட்ஸ்அப்ல மட்டும் வித்தாலும் இது கட்டாயம். இதுல பதிவு வேற லைசென்ஸ் வேற. 2011ல வந்த விதிப்படி வருஷ வியாபாரம் 12 லட்சம் வரைக்கும் இருக்குற சின்ன ஆளுங்களுக்கு பதிவு போதும்னு இருந்துச்சு, அதுக்கு மேல போனா மாநில லைசென்ஸ். இந்த மாதிரி வரம்பெல்லாம் அடிக்கடி மாறும்ங்குறதால அப்ளை பண்ற அன்னிக்கு போஸ்காஸ்ங்குற உணவு பாதுகாப்பு ஆணைய சைட்ல ஒரு தடவ பாத்துருங்க. நான் 2021ல எடுத்தப்ப பதிவுக்கு வருஷத்துக்கு 100 ரூபா தான், போட்டோ, அடையாள அட்டை, பண்ற பொருள் லிஸ்ட், அவ்ளோ தான் கேட்டாங்க. அதுக்கே ஒருத்தர் என் தோழி கிட்ட 4,000 வாங்கிட்டாருன்னு கேட்டப்ப மனசு ரொம்ப கஷ்டமா இருந்துச்சு, அவ அப்ப மாசம் சம்பாதிச்சதே அவ்ளோ தான்.

14 இலக்க நம்பர் வரும். அத பாக்கெட்ல போடணும், 2022 ஜனவரி 1ல இருந்து பில்லுலயும் போடணும். லைசென்ஸ் எடுக்குற அளவுக்கு வளந்துட்டீங்கன்னா கூடவே தண்ணி டெஸ்ட் ரிப்போர்ட், இடத்தோட வரைபடம் எல்லாம் கேப்பாங்க, அதோட தயாரிக்கிறவங்க வருஷா வருஷம் மே 31க்குள்ள டி1ங்குற வருஷ கணக்கு ரிட்டர்ன் போடணும். அத மறந்தா நாள் கணக்குல அபராதம் ஏறும். இந்த டி1 பதிவு மட்டும் வச்சிருக்குறவங்களுக்கு கிடையாது, ஏஜென்ட் யாராச்சும் பயமுறுத்துனா தைரியமா இல்லன்னு சொல்லுங்க.

படி 4: பாக்கெட்டும் லேபிளும்

இங்க தான் நான் நிறைய காசு விட்டேன், அதனால கொஞ்சம் விளக்கமாவே சொல்றேன். நம்ம பாக்கெட் மேல ரெண்டு சட்டம் உக்காந்திருக்கு. ஒண்ணு உணவு பாதுகாப்போட 2020 லேபிள் விதி, இன்னொண்ணு எடையளவு சட்டத்தோட 2011 பொட்டல பொருள் விதி. ரெண்டு துறை, ரெண்டு ஆய்வாளர், ஒரே கவர்.

உணவு பாதுகாப்பு பக்கம் கேக்குறது: பொருளோட பேரு, என்னென்ன சேத்திருக்கோம்னு அதிகமா இருக்குறதுல இருந்து கம்மியா இருக்குறது வரைக்கும் வரிசையா, சத்து அளவு, சைவத்துக்கான பச்சை வட்டம், பதிவு நம்பரும் லோகோவும், பேட்ச் நம்பர், தயாரிச்ச தேதி, எந்த தேதிக்குள்ள சாப்பிடணும்னு, வேர்க்கடலை, கோதுமை மாதிரி சிலருக்கு ஒத்துக்காத பொருள் இருந்தா அதையும். எடையளவு பக்கம் கேக்குறது: தயாரிக்கிறவரோட முழு விலாசம், நிகர எடை, மாசமும் வருஷமும், எல்லா வரியும் சேத்த எம்ஆர்பி, புகார் சொல்ல போன் நம்பரும் மெயிலும், அப்புறம் கிராமுக்கு என்ன விலைங்குற கணக்கு. 200 கிராம் பொடி 90 ரூபான்னா கிராமுக்கு 0.45 ரூபான்னு போடணும். நிறைய பேரு விடுறது இந்த கடைசி ஒண்ண தான்.

இப்ப என் தப்பு. நம்ம ஊரு சனம் தானே வாங்குதுன்னு நான் முழுக்க தமிழ்ல அழகா கவர் அடிச்சேன், 5,000 கவர். விதி என்ன சொல்லுதுன்னா லேபிள்ல இருக்க வேண்டிய விவரம் இங்கிலீஷ்லயோ தேவநாகரி எழுத்துல ஹிந்திலயோ இருக்கணும், வேற மொழிய கூட சேத்துக்கலாம். தமிழ்ல மட்டும் இருந்தா செல்லாது. தமிழ்நாட்டுல பண்ணி தமிழ்நாட்டுலயே விக்கிற பாக்கெட்டுக்கு தமிழ் மட்டும் போதாதுங்குறது எனக்கு இன்னைக்கும் நியாயமா படல, படிக்க வேண்டியவங்க யாருன்னு யோசிச்சு எழுதுன விதி இல்ல அது. ஆனா சட்டம் அது தான், அதனால இங்கிலீஷ், தமிழ் ரெண்டையும் போட்டுருங்க. அந்த 5,000 கவருக்கும் நாங்க ராத்திரி உக்காந்து ஸ்டிக்கர் ஒட்டுனோம். முதல் தடவ 500 கவருக்கு மேல அடிக்காதீங்க, அடிக்குறதுக்கு முன்னாடி டிசைன மாவட்ட உணவு பாதுகாப்பு ஆபீஸ்ல காட்டி கேளுங்க, நல்ல அதிகாரிங்க பாத்து சொல்றாங்க.

பாக்கெட் போடுறவங்க எடையளவு சட்டத்துல தனியா ஒரு பதிவும் பண்ணணும், 27ம் விதின்னு சொல்வாங்க, தொடங்கி 90 நாளைக்குள்ள, ஃபீஸ் 500 ரூபா. எலக்ட்ரானிக் தராசுக்கு வருஷா வருஷம் முத்திரை வைக்கணும், சர்ட்டிபிகேட்ட தராசுக்கு பக்கத்துலயே மாட்டி வைங்க. தமிழ்நாட்டுல இத பாக்குறது தொழிலாளர் துறை ஆளுங்க தான்.

படி 5: ஜிஎஸ்டி வேணுமா வேண்டாமா

2017 ஜூலை 1ல வந்ததுல இருந்து அதிகமா குழப்பம் இருக்குறது இதுல தான். பொருள் விக்கிறவங்களுக்கு தமிழ்நாட்டுல வரம்பு வருஷத்துக்கு 40 லட்சம், சர்வீஸ்னா 20 லட்சம். அதுக்கு கீழ இருந்தா எடுக்கணும்னு கட்டாயம் இல்ல. ஆனா ரெண்டு இடத்துல கால் வழுக்கும்.

முதலாவது, வரி இருக்குற பொருள வெளி மாநிலத்துக்கு ஒரு பார்சல் வித்தாலும் பதிவு கட்டாயம், அப்ப இந்த 40 லட்சம் கணக்கே கிடையாது. பெங்களூர்ல இருக்குற உறவுக்காரங்க ஊறுகாய் கேட்டாங்கன்னு காசு வாங்கிட்டு கூரியர் போட்டாலும் அது வெளி மாநில விற்பனை தான். ஆன்லைன் கம்பெனி வழியா நம்ம மாநிலத்துக்குள்ள மட்டும் விக்கிறதுன்னா 2023 அக்டோபர் 1ல இருந்து முழு பதிவு இல்லாம ஒரு என்ரோல்மென்ட் நம்பரோட விக்கலாம்.

ரெண்டாவது, வரி இல்லாத பொருளோட விற்பனையும் அந்த 40 லட்சத்துல சேரும். அப்பளத்துக்கு வரி இல்ல, ஊறுகாய்க்கு முன்னாடி 12 சதவீதம் இருந்து 2025 செப்டம்பர் 22ல இருந்து 5 ஆச்சு. அப்பளம் 25 லட்சத்துக்கும் ஊறுகாய் 17 லட்சத்துக்கும் வித்தா, ஊறுகாய் கம்மி தானேன்னு இருக்கக் கூடாது, மொத்தம் 42 லட்சம், வரம்ப தாண்டியாச்சு. அப்பளம் மட்டுமே விக்கிற ஆளுக்கு எவ்ளோ வித்தாலும் பதிவு வேண்டாம். 2025 ஜூலைல பெங்களூர்ல யூபிஐ கணக்க வச்சு சின்ன கடைக்காரங்களுக்கு நோட்டீஸ் போய், நிறைய பேரு கியூஆர் கோட எடுத்துட்டு காசு மட்டும்னு போர்டு வச்சாங்கல்ல, அதுல காய்கறி, பால் மாதிரி வரி இல்லாத பொருள் வித்தவங்களும் இருந்தாங்க. அவங்க கிட்ட கொள்முதல் பில்லும் நோட்டும் இருந்திருந்தா பதில் சொல்றது சுலபம். அதனால யூபிஐக்கு பயப்படாதீங்க, தினமும் என்ன பொருள் எவ்ளோ வித்தோம்னு நோட்டுல எழுதுங்க, வீட்டு செலவுக்கு வர்ற பணத்துக்கு வேற அக்கவுண்ட் வைங்க.

ஒரே கடைல பொருளுக்கு பொருள் வரி மாறுறது எவ்ளோ கஷ்டம்னு 2024 செப்டம்பர்ல கோயம்புத்தூர் கூட்டத்துல ஒரு ஹோட்டல்காரர் நிதியமைச்சர் முன்னாடியே சொன்னாரு, பன்னுக்கு வரி இல்ல அதுல கிரீம் வச்சா 18ன்னு. நாடே பேசுச்சு. அவரு சொன்னது சின்ன பில் போடுற ஒவ்வொருத்தரோட கஷ்டமுங்க.

பதிவு எடுத்தே ஆகணும்னா காம்போசிஷன் ஸ்கீம பாருங்க. 1.5 கோடி வரைக்கும் வியாபாரம் இருக்குற தயாரிப்பாளர், கடைக்காரங்களுக்கு விற்பனைல 1 சதவீதம், மூணு மாசத்துக்கு ஒரு தடவ கட்டுனா போதும், வருஷத்துக்கு ஒரு ரிட்டர்ன். ஆனா அதுல வெளி மாநிலத்துக்கு விக்க முடியாது, வாங்குன பொருளுக்கு கட்டுன வரிய கழிக்க முடியாது, கஸ்டமர் கிட்ட வரின்னு தனியா வாங்கவும் கூடாது. சுத்துப்பட்டு ஊருக்கு மட்டும் விக்கிறவங்களுக்கு இது நல்லா ஒத்து வரும். சூப்பர் மார்க்கெட்டுக்கு, வெளியூர் டீலருக்கு குடுக்குறீங்கன்னா சாதா பதிவு தான் சரி, நம்ம பில்லுல கட்டுன வரிய அவங்க கட்ட வேண்டிய வரில கழிக்கணும் (வரி கிரெடிட்), இல்லன்னா உங்க கிட்ட வாங்க மாட்டாங்க. சாதா பதிவுலயும் 5 கோடிக்குள்ள இருந்தா மூணு மாசத்துக்கு ஒரு தடவ ரிட்டர்ன் போடுற வசதி இருக்கு, பதிவு பண்ணும்போதே அத கேட்டு வாங்குங்க. ஜிஎஸ்டி பதிவுக்கும் அரசு ஃபீஸ் கிடையாது.

படி 6: கரண்ட், உள்ளாட்சி, மாசுக்கட்டுப்பாடு

வீட்டு சர்வீஸ்ல வர்ற கரண்ட வச்சு வியாபாரத்துக்கு அரைக்காதீங்க. மின்சார சட்டம் 126ம் பிரிவுல அதுக்கு ரெண்டு மடங்கு கட்டணம் போட்டு பழைய மாசத்துக்கும் சேத்து வாங்குவாங்க. குடிசைத் தொழில், குறுந்தொழிலுக்குன்னு 3ஏ1 டேரிஃப் இருக்கு, கடைக்கான கட்டணத்த விட அது கம்மி. இத நீங்களா கேட்டா தான் கிடைக்கும், உத்யம் சர்ட்டிபிகேட்ட கூட கொண்டு போங்க.

நகராட்சி, மாநகராட்சில தொழில் உரிமம் எடுக்கணும், வருஷா வருஷம் புதுப்பிக்கணும். கிராம ஊராட்சிகளுக்கு 2025ல ஒரு புது உரிம விதி வந்து, எதிர்ப்பு கிளம்புனதும் நிறுத்தி வச்சாங்க, அதனால இன்னைய நிலவரத்த ஊராட்சி ஆபீஸ்லயோ ஒன்றியத்துலயோ கேட்டுருங்க. தொழில் வரி அரையாண்டுக்கு ஒரு தடவ, செப்டம்பர்லயும் மார்ச்லயும், சின்ன தொகை தான்.

மாசுக்கட்டுப்பாடு வாரியத்துல தொழில வெள்ளை, பச்சை, ஆரஞ்சு, சிவப்புன்னு பிரிச்சு வச்சிருக்காங்க. வெள்ளைக்கு அனுமதி வேண்டாம், தகவல் சொன்னா போதும். உங்க தொழில் எந்த நிறம்னு மாவட்ட தொழில் மையத்துல கேளுங்க, எல்லா அனுமதிக்கும் ஒரே இடத்துல அப்ளை பண்ற சிங்கிள் விண்டோ போர்ட்டல்லயும் அங்கயே உக்கார வச்சு சொல்லி தருவாங்க. நான் போன ஆபீஸ்லயே பயமில்லாம போனது அங்க தான்.

படி 7: ஆளு வச்சா

தலைய எண்ணுங்க. இஎஸ்ஐ 10 பேர்ல இருந்து, பிஎஃப் 20 பேர்ல இருந்து. தமிழ்நாடு கடைகள் சட்டத்துல பதிவு பண்றதும் 10 பேரு அதுக்கு மேல இருந்தா தான். ஃபேக்டரிங்குற வரம்பு பழைய 1948 சட்டத்துல கரண்ட் மெஷினோட 10 பேரு, 2025 நவம்பர் 21ல அமலுக்கு வந்த புது லேபர் கோடுல அது 20 ஆச்சு. ஒரு தடவ 10 பேரு வந்து இஎஸ்ஐக்குள்ள போயிட்டீங்கன்னா அப்புறம் ஆளு கொறஞ்சாலும் தொடர்ந்து கட்டணும்.

அஞ்சு பேருன்னா இது எதுவும் இல்ல, ஆனா குறைஞ்சபட்ச கூலி ஒரே ஒரு ஆளு இருந்தாலும் உண்டு. உக்கார நாற்காலியும் குடுக்கணும், 2021ல தமிழ்நாட்டுல கடைல வேல பாக்குறவங்களுக்கு உக்காரும் உரிமைய சட்டமா கொண்டு வந்தாங்க, அத நான் சுமைன்னு ஒரு நாளும் சொல்ல மாட்டேன். சம்பள நோட்டு, வருகை நோட்டு ரெண்டும் எழுதி கையெழுத்து வாங்கி வைங்க. உணவு பண்றவங்கன்னா வருஷத்துக்கு ஒரு தடவ எல்லாருக்கும் மருத்துவ சர்ட்டிபிகேட் வாங்குங்க.

படி 8: ஆய்வுக்கு வந்தா

முதல்ல அடையாள அட்டைய கேளுங்க, மரியாதையா கேட்டா யாரும் கோவிக்க மாட்டாங்க. பேரு, துறை, தேதி நோட்டுல எழுதுங்க. எல்லா சர்ட்டிபிகேட்டும் ஒரே ஃபைல்ல இருக்கணும், தேடி அலைஞ்சா தான் கேள்வி அதிகமாகும்.

உணவு மாதிரி எடுத்தாங்கன்னா உங்க உரிமைய தெரிஞ்சுக்கோங்க. அதிகாரி எடுக்குற பொருளுக்கு காசு குடுத்து ரசீது வாங்கிக்கணும், நோட்டீஸ் குடுக்கணும், மாதிரிய நாலு பாகமா பிரிச்சு சீல் வைக்கணும். நீங்க கேட்டா நாலாவது பாகத்த அங்கீகாரம் இருக்குற வேற லேப்புக்கும் அனுப்பணும். ரிப்போர்ட் உங்களுக்கு எதிரா வந்தா 30 நாளைக்குள்ள மாவட்ட உணவு பாதுகாப்பு நியமன அலுவலர் கிட்ட அப்பீல் போகலாம். சுத்தம், வசதி சம்பந்தமா குறை இருந்து திருத்தச் சொல்லி நோட்டீஸ் குடுத்தா குறைஞ்சது 14 நாள் டைம் தரணும்னு சட்டம் 32ம் பிரிவுல இருக்கு. அன்னைக்கே மூடுறேன்னு யாராச்சும் சொன்னா எழுத்துல கேளுங்க. அந்த ஒரு வார்த்தைக்கு, "எழுத்துல குடுங்க சார்", நிறைய பலம் இருக்கு. அப்ளிகேஷன் காரணமே சொல்லாம கிடந்தா ஆர்டிஐங்குற தகவல் உரிமை சட்ட மனு போடுங்க, 10 ரூபா தான், 30 நாள்ல பதில் சொல்லணும்.

படி 9: வர வேண்டிய பணம்

சட்டம் நமக்கு சாதகமா இருக்குற இடம் இது, ஆனா நிறைய பேரு பயன்படுத்துறதே இல்ல. பதிவு பண்ண குறு, சிறு தயாரிப்பாளர் கிட்ட பொருள் வாங்குனா ஒப்பந்தம் இருந்தா அதிகபட்சம் 45 நாள், இல்லன்னா 15 நாள்ல பணம் தரணும். தவறுனா ரிசர்வ் பேங்க் சொல்ற பேங்க் ரேட்டுக்கு மூணு மடங்கு கூட்டு வட்டி. 2024 ஏப்ரல்ல இருந்து வருமான வரிலயும் ஒரு பிடி இருக்கு, நம்ம பணத்த டைமுக்கு தராம வச்சிருந்தா வாங்குனவங்க அத அந்த வருஷ செலவா காட்ட முடியாது. எனக்கு ஒரு கடை ஆறு மாசமா 62,000 ரூபா பாக்கி வச்சிருந்தாங்க, பில்லுல உத்யம் நம்பரையும் இந்த விதியையும் அச்சடிச்சு ஒரு லெட்டரோட அனுப்புனேன், பத்து நாள்ல பாதி வந்துச்சு, அடுத்த மாசம் மீதி. வரலன்னா சென்னை, கோவை, மதுரை, திருச்சில இருக்குற, இந்த பாக்கிய விசாரிக்கிற குறு, சிறு தொழில் வசதி மன்றத்துக்கு ஆன்லைன்லயே மனு போடலாம். வாங்கி விக்கிற வியாபாரிங்களுக்கு இது பொருந்தாது, தயாரிக்கிறவங்களுக்கும் சர்வீஸ் தர்றவங்களுக்கும் தான்.

படி 10: தேதி

அடுப்படி சுவத்துல மாட்டுற தினசரி காலண்டர் இருக்குல்ல, அதுலயே எழுதுங்க. சாதா ஜிஎஸ்டில மூணு மாச ரிட்டர்ன்னா காலாண்டு முடிஞ்ச அடுத்த மாசம் 13ம் 22ம், இடைல வர்ற ரெண்டு மாசத்து வரிய அடுத்த மாசம் 25க்குள்ள. காம்போசிஷன்னா 18ம் தேதி, வருஷ ரிட்டர்ன் ஜூன் 30. உணவு லைசென்ஸ் இருந்தா டி1க்கு மே 31. தராசு முத்திரை, உரிமம் புதுப்பிக்கிற நாள். ஒவ்வொண்ணுக்கும் பத்து நாள் முன்னாடி ஒரு கோடு போடுங்க, ஏன்னா கடைசி நாள்ல சர்வர் தொங்கும்.

படி 11: நிறுத்துறதா இருந்தா முறையா நிறுத்துங்க

இத கடைசில வைக்குறேன், ஆனா இதுல மாட்டுனவங்க தான் ரொம்ப அழுதிருக்காங்க. எங்க அண்ணன் கொரோனா சமயத்துல கடைய மூடுனாரு, ஷட்டர இறக்குனதோட முடிஞ்சதுன்னு நினச்சாரு. ஜிஎஸ்டி பதிவு அப்படியே கிடந்துச்சு. வியாபாரமே இல்லன்னாலும் வெறும் ரிட்டர்ன் போடணும், போடலன்னா நாளைக்கு 20 ரூபா, ஒரு ரிட்டர்னுக்கு 500 வரைக்கும் ஏறும், ஒவ்வொரு மாசமும் ஒவ்வொண்ணா. கொஞ்ச நாள்ல ஆபீஸ்லயே பதிவ ரத்து பண்ணிட்டாங்க, அதுவும் அவருக்கு தெரியாது. மூணு வருஷம் கழிச்சு வேற தொழிலுக்கு அப்ளை பண்ணப்ப தான் பழைய பாக்கி எல்லாம் வந்து நின்னுச்சு, எல்லாத்தையும் போட்டு முடிக்குற வரைக்கும் புது நம்பர் கிடைக்கல.

அதனால மூடுற மாசமே ரெக்-16 ஃபாரத்துல ரத்து கேளுங்க, ரத்தான மூணு மாசத்துக்குள்ள ஜிஎஸ்டிஆர்-10ங்குற கடைசி ரிட்டர்ன போடுங்க. உணவு பதிவ போஸ்காஸ்ல சரண்டர் பண்ணுங்க, ஈபிய வீட்டு டேரிஃபுக்கு மாத்த எழுதி குடுங்க, உள்ளாட்சி ஆபீஸுக்கு ஒரு லெட்டர் குடுத்து நகல்ல சீல் வாங்குங்க. அந்த ஃபைல தூக்கி போடாதீங்க, பழைய ஜிஎஸ்டி வருஷங்களுக்கு கூட நோட்டீஸ் வரும், குறைஞ்சது ஏழு எட்டு வருஷம் பரண்ல பத்திரமா இருக்கட்டும்.